சந்தனப் பொட்டு வைத்த ஸ்கொட்லாந்துப் படம்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. வில்லரேயில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த நீங்கள் எல்லோரும் சுவரிலிருந்த வெள்ளைக்காரக் குடும்பத்தின் படத்தைப் பார்த்து, "உது ஆர்?" என்று ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். தேநீர் ஆறும்வரை அப்பா பதில் சொன்னதும் நினைவிருக்கும்.

அப்பா வேலணையில் பிறந்தவர். போரில் இடம்பெயர்ந்தபோது வீட்டுப் படங்கள் எல்லாம் போய்விட்டன. தன் பெற்றோரின் முகத்தை எங்களுக்குக் காட்ட அவரிடம் ஒரு படமும் இருக்கவில்லை. இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றி இறக்கியே எங்களைப் படிக்க வைத்தார். நினைவுமலர்களில் கடுஞ்சொல் அறியாதவர் என்று எழுதுவது வழக்கம். அப்பா அறிவார், குளிர்காலத்தில் கதவைத் திறந்து வைத்தவர்களுக்கும் அது தெரியும்.

ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, குப்பைக்காக வீதியோரம் வைத்திருந்த பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். உள்ளே ஸ்கொட்லாந்தின் கடற்கரைக் கிராமம் ஒன்றின் பழைய படங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் ஊரும் பெயர்களும்.

"ஆரோ தேடிக்கொண்டிருப்பினம்," என்றார்.

"குப்பையில போட்டதை ஆரப்பா தேடப்போகினம்?" என்றார் அம்மா.

மீனுக்கு உப்பிடும் பெண்கள் எங்கே நின்றார்கள், தபாற்கந்தோர் எந்த வீட்டில் இருந்தது என்று அப்பா நூலகத்தில் தேடித்தேடிப் படித்தார். கலியாண வீடுகளிலும் அதே கதைதான். அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது. அதை நினைத்து இப்போது வெட்கப்படுகிறேன்.

தபாற்கந்தோர் முன்னால் நின்ற ஒரு குடும்பத்தின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். செத்தவர்களின் படத்தைச் சும்மா விடக்கூடாது என்று அம்மா ஐந்து பேருக்கும் சந்தனப் பொட்டு வைத்தார், தாயின் கையிலிருந்த குழந்தைக்கும் சேர்த்து.

அப்பா சொல்லச் சொல்ல, அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கு நான் மின்னஞ்சல் எழுதி, படங்களின் பிரதிகளையும் அனுப்பினேன். பல மாதங்கள் கழித்து ஒரு வீடியோ அழைப்பு வந்தது. தொண்ணூறு தாண்டிய ஓர் அம்மையார் சிரித்தார். அந்தக் குழந்தை அவர்தான்.

அம்மா கதிரையில் ஏறி, சேலைத் தலைப்பால் ஒரு பொட்டை மட்டும் துடைத்தார். "மன்னிக்கச் சொல்லு பிள்ளை," என்றார். எதற்கென்று நான் மொழிபெயர்க்கவில்லை.

இரண்டு வயதில் தாயை இழந்தவராம் அந்த அம்மையார். நாங்கள் அனுப்பிய படத்தில்தான் தாயின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தாராம். அதைக் கேட்ட அப்பா எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

பெட்டியைத் தன் கையாலேயே கொடுக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பழுதான சிறுநீரகம் விடவில்லை. அதனால் நான் போனேன். அம்மையார் கேட்டபடி, பெட்டியை மடியில் வைத்திருக்கும் அப்பாவின் படம் ஒன்றையும் கொண்டுபோனேன். அங்கிருந்து தொலைபேசியில் கதைத்தபோது அப்பா ஒன்றுதான் கேட்டார்.

"எல்லாரையும் வீட்டை கொண்டுபோய்ச் சேர்த்திட்டியோ?"

"ஓம் அப்பா."

"அப்ப சரி."

மூன்று வாரங்களில் எங்களைப் பிரிந்தார். நிறைவோடுதான் போனார்.

கிழமைக்கு மூன்று தரம் அப்பாவின் இரத்தத்தைச் சுத்திகரித்த தாதியர்கள், பனியிலும் காரில் ஏற்றி இறக்கிய உறவுகள், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவர்கள், கடல் கடந்து கடிதம் எழுதிய அம்மையார் ஆகிய எல்லோரையும் நன்றியோடு கும்பிடுகிறோம்.

வீட்டில் அப்பாவின் படத்துக்கு அம்மா தினமும் பொட்டு வைக்கிறார். போன கிழமை அம்மையார் ஒரு படம் அனுப்பியிருந்தார். அந்த ஊர் மண்டபச் சுவரில், தபாற்கந்தோர்க் குடும்பத்தின் பக்கத்தில், மடியில் பெட்டியோடு அப்பா. அம்மா நெடுநேரம் பார்த்தார்.

"அங்க பொட்டு வைக்க வேண்டாமெண்டு சொல்லு பிள்ளை," என்றார். "அங்க அவர் இருக்கட்டும்."