ஈரச் சுவரில் அடித்த வெள்ளை

நம்பினால் நம்புங்கள், இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். இதைச் சொல்வதால் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. கேட்டு முடித்ததும் என்னைத்தான் காறித் துப்புவீர்கள்.

நான் பெயிண்டர். ஊரான் வீட்டுச் சுவரில் பூஞ்சை பிடித்திருந்தால் சுரண்டி, மருந்து போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் பிரஷ்ஷைத் தொடுவேன். என் வீட்டில் மட்டும் அந்த ஒழுங்கு இல்லை. துணி துவைக்கும் அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் செத்து ஐந்து மாதம். ஈரத் துணியெல்லாம் உள்ளேயே தொங்கியது. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் சுவர் கறுத்துக்கொண்டே வந்தது. பக்கத்து அறையில் படுக்கும் அக்காவுக்கு வீசிங் வேறு. ஃபேனைச் சரிபண்ணச் சொல்லி அவள் கேட்காத நாளில்லை. நானும் இதோ அதோ என்று போக்குக் காட்டினேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈரச் சுவரின் மேலேயே இரண்டு கோட் வெள்ளை அடித்து மூடிவிட்டேன்.

“நல்லா காயவிட்டியா தம்பி?”

“ம்.”

மூன்றாவது வாரம் மூச்சுத் திணறி அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டில் பூஞ்சை உண்டா என்று டாக்டர் கேட்டார். மாஸ்க்குக்கு மேலே அக்காவின் கண்கள் என்னைப் பார்த்தன. இல்லை சார் என்றேன். பெயிண்டர் வீட்டிலேயே பூஞ்சையா என்று கேட்டுவிடுவாரே என்ற கௌரவம். எனக்கு நாக்கு கூசவே இல்லை. மருந்து பிடிக்காமல் அவள் நாளுக்கு நாள் துவண்டாள்.

ஆறாம் நாள், அவளுக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். உள்ளே யாரும் இல்லை. பூட்டை நான்தான் திறந்தேன். மதியம் மணி 3.10.

சரக்... சரக்...

துணி துவைக்கும் அறையிலிருந்து வந்தது. எலி என்று நினைத்தேன். நடுவில் வேறொரு சத்தம்... இழுத்து இழுத்து விடும் மூச்சு. எங்கள் வீட்டில் அப்படி மூச்சு விடுபவள் ஒருத்திதான்.

கதவைத் தள்ளினேன். யாரும் இல்லை. மெஷின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஈரம் காயட்டும் என்று அக்காதான் அப்படி விடுவாள். காலையில் நான் அதை மூடியிருந்தேன்.

செத்த ஃபேன் மெதுவாகச் சுற்றியது.

சரக்...

என் கண்ணெதிரே சுவரில் நான்கு கோடுகள் விழுந்தன. விரல் அகலத்தில். வெள்ளை உதிர்ந்தது. அடியில்... கறுப்பு.

ஓடினேன்.

நேராக டாக்டரிடம் போய்ப் பூஞ்சையைச் சொன்னேன், பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. மருந்தை மாற்றி எழுதினார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. வெளியே நர்ஸ் பிடித்துக்கொண்டார். மூன்று மணிக்கு மேல் அக்கா பத்து நிமிஷம் நினைவில்லாமல் கிடந்தாளாம்.

“காலையிலதான் நகம் வெட்டிவிட்டேன். கட்டில விட்டு எறங்கவே இல்ல. இதெங்கேர்ந்து வந்துச்சு?”

அக்காவின் நகக்கண்ணெல்லாம் வெள்ளை பெயிண்ட்.

அக்கா பிழைத்தாள். அவள் வருவதற்குள் அந்தச் சுவரைச் சுரண்டித் தேய்த்துக் காயவிட்டேன். ஃபேனும் புதிது. நான் அன்று பார்த்ததை அவளிடம் மூச்சுவிடவில்லை. வேறு யாருக்கும் அது தெரியாது.

வீட்டுக்குள் வந்தவள் நேராக அந்த அறைக்குப் போனாள். சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

“மிச்சத்த நீ தேச்சிட்டியா?” என்றாள்.