பன்றிக்குக் கட்டிய பனியன்கள்

எனக்கு அறுபத்தெட்டு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். யாரிடமும் தலை குனிந்ததில்லை. நேற்று குனிந்தேன்... அதுவும் நான் பெற்ற கடைக்குட்டியிடம்.

அவன் கால்பந்து ஆடிச் சம்பளம் வாங்குகிறவன். கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை பிடித்தால்தான் மரியாதை. இவனோ பந்தை உதைத்துக்கொண்டு கோவா, கொல்கத்தா, ஷில்லாங் என்று வருஷத்துக்கு ஒரு ஊர், ஒரு டீம்.

"ஒரு எடத்துல நெலைச்சு நிக்க மாட்டியால?" என்று போனில் எத்தனை தடவை ஏசியிருப்பேன்!

லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு பனியனைக் கொண்டுவந்து பெட்டியில் மடித்து வைப்பான். முன்பக்கம் ஏதோ கம்பெனி விளம்பரம், முதுகில் இங்கிலீஷ். உரக் கம்பெனிக்காரர்கள் இனாமாகக் கொடுப்பார்களே — அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும்.

இந்த முறை முழங்கால் போய் வந்திருக்கிறான். டீம் அனுப்பிவிட்டது. இனி ஆட்டம் இல்லை.

நேற்று பெட்டியைத் திறந்தான். உள்ளே உளுந்து விதை.

"எம்மா, என் பனியன்லாம் எங்க?"

"காட்டுலல்லா கெடக்கு! மக்காச்சோளத்துல பன்னி எறங்குதுன்னு வேலியில கெட்டிட்டேன். அதுக்குப் பெறவு ஒண்ணு வரல, பாத்துக்கோ!"

பெருமையாகத்தான் சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது.

"நாளக் கழிச்சு பள்ளிக்கூடத்துல கோச் வேலைக்கு வரச் சொல்லிருக்காவம்மா. எங்கெங்க ஆடினேன்னு அதக் காட்டலாம்னு இருந்தேன்."

பைக்கில் போனோம். கழுகுமலை ரோட்டோரம் எங்கள் புஞ்சை. வேலி நெடுகச் சிவப்பு, பச்சை, மஞ்சள்... எல்லாம் கரிசல் அப்பி, முள் கிழித்துக் கிடந்தன. ஒவ்வொன்றாக அவிழ்த்தான். ஒன்றின் முதுகைத் தடவி, "இது எம்பேரும்மா" என்றான்.

எல்லாப் பனியனிலுமா? எல்லாவற்றிலும்தான். நான் வைத்த பேரை நானே பன்றிக்குக் காட்டியிருக்கிறேன்.

அப்போதும் வாய் சும்மா இருந்ததா? "வருசத்துக்கு ஒண்ணு மாத்தாம இருந்திருந்தா ஒண்ணுதான பாழாயிருக்கும்?"

"நானா மாத்துனேன்? அவிய வச்சுக்கிடலம்மா."

இத்தனை வருஷம் ஏசியதெல்லாம் திரும்பி என் மேலேயே விழுந்தது. ஊரார் பிள்ளை எங்கே, என்ன வேலை என்று துருவித் துருவிக் கேட்கிறோம். நம் பிள்ளையிடம் கேட்கிறோமா?

நீலப் பனியன் ஒன்றை மட்டும் அவன் அவிழ்க்கவில்லை.

"இதப் போட்டுட்டு வருசம் பூரா பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். கெடக்கட்டும். இங்கனயாவது முழு ஆட்டம் ஆடட்டும்" என்று சிரித்தான்.

அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

மற்றதையெல்லாம் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். கரிசல் கறை லேசில் போகுமா? நாளைக் காலையில் அதைத்தான் எடுத்துக்கொண்டு போகப் போகிறான்.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள் மகள் வயிற்றுப் பேத்தி. ஏட்டி, போதும், ஒருதடவ வாசி. சத்தம் போடாத... ஒங்க மாமா உள்ள படுத்திருக்கான்.