ஜன்னலில் தொங்கிய பட்டு

வெள்ளம் வடிந்ததும் எங்கள் பகுதி மண்டபத்தில் நிவாரணப் பொருள் பிரிக்கப் போனேன். வாசல் வரை குவிந்திருந்த மூட்டைகளைப் பார்த்து முதலில் மனசு நெகிழ்ந்தது. இரண்டாவது மூட்டையை அவிழ்த்ததும் அந்த நெகிழ்ச்சி போன இடம் தெரியவில்லை. பனி கொட்டும் தேசத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற கம்பளிக் கோட்டு, ஒற்றைக் காலுக்கு மட்டும் குதிகால் செருப்பு, வயர் அறுந்த கராவோக்கே மைக். வீட்டுக்குள் சேறு அள்ளிக்கொண்டிருக்கிற மனுஷன் மைக்கை வைத்துக்கொண்டு என்ன பாடுவார்? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்படிக் கத்துகிறவளிடமே பொறுப்பைக் கொடுத்துவிட்டால் மண்டபம் அமைதியாகும் என்று நினைத்தார்களோ என்னவோ, துணிப் பகுதியை என் தலையில் கட்டினார்கள்.

என் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியையும் இழுத்துக்கொண்டு போயிருந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹொக்கியன் தெரியாது. இருபது வருடமாக அரைகுறை மலாயில்தான் எங்கள் சிநேகம் ஓடுகிறது. இடுப்புக்கு மேலே போடுவது ஒரு மேசை, கீழே போடுவது ஒரு மேசை, சின்னது பிள்ளைகளுக்கு, மிச்சம் வீட்டுக்கு என்று சொல்லிக் கொடுத்தேன். ஆன்ட்டியின் கை வேகம் பார்த்து அசந்து போனேன்.

அன்று மத்தியானம் ஓர் அம்மா துண்டு கேட்டு வந்தார். ஓட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை. ஆற்றோரத்தில் வீடு. அலமாரியோடு எல்லாம் போய்விட்டது, எதிரே உள்ள பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்கிறார். துண்டை வாங்கிக்கொண்டு போகாமல் தயங்கி நின்றார். என்னவென்று கேட்டேன்.

"சனிக்கிழமை மகளுக்குக் கொன்வோ, பட்டமளிப்பு விழாக்கா. அதுக்குன்னு எடுத்து வச்ச சேலையும் தண்ணியில போயிருச்சு. நான் வரலம்மா, நீ கூட்டாளிங்களோட போய் வாங்கிக்கன்னு சொல்லிட்டேன்."

"நல்லா சொன்னீங்க போங்க! பட்டம் வாங்குற புள்ளைய பெத்தவங்க வராம? இங்க வாங்க."

நம் பெண்கள் சேலை தானம் செய்தால் அதற்குரிய ரவிக்கையை மடிப்புக்குள் வைத்தே கொடுப்பார்கள். அப்படி ஒரு மயில் நீலப் பட்டு கிடைத்தது, மாங்காய்க் கரை போட்டது. ரவிக்கையை அவர் தோளில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அவர் சேலையை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாயில் வைத்தால் அழுக்காகிவிடும், மறுநாள் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். நானும் அதை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, யாரோ பிஸ்கட் பெட்டிகளை ஈரத் தரையில் அடுக்குகிறார்கள் என்று சண்டைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை மேசை ஓரம் காலியாக இருந்தது. அந்தச் சேலை மட்டுமில்லை, மண்டபத்தில் சேலை என்று ஒன்றுகூட இல்லை. பஞ்சாபி உடைகளின் மேல்சட்டை ஒரு மேசையில், கால்சட்டை இன்னொரு மேசையில், துப்பட்டாக்கள் எல்லாம் மலாய்ப் பெண்கள் முக்காடு போடும் தூடோங் பெட்டியில். பட்டு ரவிக்கைகளோ பிள்ளைகள் பெட்டியில் அழகாக அடுக்கியிருந்தன. குட்டையாக இருக்கிறதே, குழந்தைக்குத்தானே என்றார் ஆன்ட்டி.

"சரி ஆன்ட்டி, நீளமா, ஓரத்துல ஜரிகை போட்டு இருக்குமே, அது எங்க?"

"ஓ, லங்சிரா?" ஆன்ட்டியின் முகம் மலர்ந்தது. "லங்சிர் எல்லாம் நேத்தே லோரி ஏறியாச்சு லா!"

திரைச்சீலை! ஆறு கெஜத்துக்குத் தையலே இல்லாத துணியை, பாவம், அவர் வேறு என்னவென்று நினைப்பார்? எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. விஷயம் புரிந்ததும் ஆன்ட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அந்த அம்மா வந்து நின்றார். பிள்ளைகள் பெட்டியிலிருந்து எடுத்த நீல ரவிக்கையை அவர் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"பரவாயில்லக்கா. எனக்குக் கொடுப்பினை அவ்வளவுதான்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் போனதும், லோரி ஓட்டிய நாசி கண்டார் சோற்றுக் கடைக்கார அண்ணனைப் பிடித்தேன்.

"நிபோங் திபால் ஊர்ல, தண்ணி பூந்த ஒரு குடியிருப்பு தாமான்லதான்க்கா இறக்குனேன். ஜன்னல்லாம் மொட்டையா கெடக்கு, ரோட்டுல போறவன் வர்றவன்லாம் உள்ள பாக்குறான்னு கேட்டாங்க. குடுத்தவொடனே மாட்டிட்டாங்க லா."

அண்ணன் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு வந்தார். நாங்கள் மூவரும் கடல் பாலம் தாண்டி அக்கரைக்குப் போனோம். ஆன்ட்டி வழியெல்லாம் தன் தலையில் தானே தட்டிக்கொண்டு வந்தார்.

தாமானுக்குள் திரும்பியதும் அண்ணன் லோரியை நிறுத்திவிட்டார். ஒரு வரிசை முழுக்க ஜன்னலுக்கு ஜன்னல் நம் சேலைகள். சுங்குடி, பூனம், காஞ்சிபுரம், ஒரு வீட்டுக் கழிவறை ஜன்னலில்கூட அரக்குப் பட்டு. வெயில் பட்டு ஜரிகை மின்னியது. சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு, அதற்கு மேலே கல்யாண வீட்டுக் களை. வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆன்ட்டிக்கும் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

மயில் நீலம் கடைசி வீட்டில் இருந்தது. மலாய்க்காரப் பெரியம்மா ஒருவர், மக்சிக் என்போம், கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். தட்டுமுட்டு ஒன்றுமில்லை. ஒரு முக்காலி, ஒரு மெத்தை. சேலை வழியாக வெளிச்சம் வந்து சிமெண்டுத் தரை முழுக்க நீலமாக இருந்தது. சேற்றைக் கழுவி முடித்து இதை மாட்டிய பிறகுதான் இது மறுபடியும் வீடு மாதிரி இருக்கிறது என்றார் அவர். இருப்பதே இது ஒன்றுதான், இதையும் எப்படிக் கேட்பது?

ஆன்ட்டிதான் கேட்டார். தப்பு தன்னுடையது என்று ஆரம்பித்து, சேலை, அந்த அம்மா, சனிக்கிழமை என்று எல்லாவற்றையும் கொட்டினார்.

"மகளுக்குக் கொன்வோவா?" என்றார் மக்சிக். அவ்வளவுதான். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிவிட்டார். நாங்கள் பிடிக்கப் போவதற்குள் கொக்கிகளைக் கழற்றிச் சேலையை என் தோளில் போட்டார். பதிலுக்கு என் வீட்டுக் கூடத்துத் திரைகளைக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். முதலில் அம்மாவுக்கு உடுத்திவிடு, பிறகு பார்க்கலாம் என்று கையை ஆட்டினார்.

சனிக்கிழமை காலை அந்த அம்மாவுக்கு என் வீட்டில்தான் சேலை கட்டினேன். ஒரு முனையில் கொக்கி குத்திய ஓட்டைகள் வரிசையாக இருந்தன. அந்த முனையை இடுப்புக்குள் செருகிவிட்டேன். ஆன்ட்டி மண்டியிட்டு உட்கார்ந்து கொசுவத்தை நீவி விட்டார். இதைப் போய் லங்சிர் என்றேனே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். மக்சிக் வீட்டுக்குத் திரை போய்விட்ட என் கூடத்து ஜன்னல் வழியே தெருவே எங்களை வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் கைப்பேசிக்குப் படம் வந்தது. மகள் தன் பட்டத் தொப்பியை அம்மா தலையில் வைத்திருந்தாள். அம்மா அழுதுகொண்டே சிரிக்கிறார். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்? படத்தை மக்சிக்குக்கு அனுப்பி வைத்தேன்.

உடனே பதில் வந்தது: "பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டிவிட்டேன். இன்றைக்கு என் லங்சிரும் பட்டம் வாங்கிவிட்டது!"