பழப்புளி போட்டுத் தேய்த்த வெள்ளி

என் முன்பல் ஒன்று ஹவுன்ஸ்லோவில் உடைந்தது. நான் லண்டனுக்கு வந்த இரண்டாவது வருடம், எண்பதுகளின் நடுப்பகுதி. பெற்றோல் ஸ்ரேசனில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது தலையை மழித்த மூன்று வெள்ளைக்காரப் பொடியன்கள் வந்தார்கள். அவர்கள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. சப்பாத்துக் காலால் உதைத்தது நன்றாக விளங்கியது. நானும் சும்மா விடவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்குக்கு மேலே கோபம். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த போத்தலை எடுத்து ஒருவனைக் காதோடு சேர்த்து அடித்தேன். அவன் அழுதுகொண்டு ஓடினான். போன பல்லுக்கு அது சரி என்று அன்று நினைத்தேன்.

வீங்கிய வாயோடு வந்த சனிக்கிழமையில்தான் சாரிங் குரொஸ் பக்கம் நாணயக்காரர்கள் மேசை போடும் சந்தைக்குள் நுழைந்தேன். மழைக்கு ஒதுங்கியதுதான், வேறொன்றுமில்லை. ஒரு மேசையில் மீன் செதிள் போல மெல்லிய வெள்ளிக் காசு ஒன்று கிடந்தது. அதில் இருந்த அரசனுக்கு மூக்கு இல்லை. அது எப்படியென்று மேசைக்காரக் கிழவனிடம் கேட்டேன். அந்தக் காலத்தில் இயந்திரம் கிடையாது என்றான். ஒரு அச்சை மரக்குற்றியில் இறுக்கி, வெள்ளித் துண்டை அதன்மேல் வைத்து, மற்ற அச்சைக் கையால் பிடித்துக்கொண்டு சுத்தியலால் ஓங்கி அடிப்பார்களாம். அடி சறுக்கினால் அரசனுக்கு மூக்குப் போகும், பிடித்தவனுக்கு விரல் போகும். என்னைப் போலவே முகத்தில் அடி வாங்கிய ஒருத்தனைக் கண்டது போல இருந்தது. அன்றே வாங்கினேன்.

அதன்பிறகு சனிக்கிழமை என்றால் அந்த மேசைதான். உண்மையைச் சொன்னால், காசைவிடக் கிழவன் சொன்ன இரத்தக் கதைகள்தான் எனக்குப் பிடித்தன. காசின் ஓரத்தை நறுக்கி வெள்ளி திருடியவர்களைத் தூக்கில் போட்டார்கள். வெள்ளியைக் குறைத்து அடித்தவர்களின் வலது கையை வெட்டினார்கள். குதிரைமேல் இருப்பதுபோலக் காசில் தன்னை வரைவித்த ஓர் அரசனை இதே நகரத்தில் மேடை போட்டுத் தலையை வெட்டினார்கள். பிறகு அந்தச் சாவுக்கும் நினைவுப் பதக்கம் அடித்தார்கள். வெள்ளைக்காரர் என்றால் வரிசையில் நின்று, சொறி என்று மன்னிப்புக் கேட்கிற சனம் என்றுதான் ஊரில் கேள்விப்பட்டிருந்தேன். இவர்களும் வெட்டிக் குத்திச் செத்தவர்கள்தான் என்று அறிந்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

விலை மதிப்பதையும் கிழவனைப் பார்த்தே பழகினேன். நிறை, ஓரம், அடி விழுந்த விதம், எல்லாவற்றுக்கும் மேலே தோல். காசின்மேல் நூற்றாண்டுகளாகப் படிந்து கறுத்த தோல் அது. அதைத் தேய்த்தவன் காசைக் கொன்றவன் என்பான். நான் ஒருதரம் சட்டை நுனியால் துடைக்கப் போய்ப் புறங்கையில் அடி வாங்கினேன். எனக்கு அடித்துவிட்டு முழுசாகப் போன ஆள் லண்டனில் அவன் ஒருத்தன்தான்.

தொண்ணூறு முடியும்போது முப்பத்தொரு காசு சேர்ந்திருந்தது. அவ்வளவையும் கொடுத்து ஒரே ஒரு காசை எடுத்தேன். தலை போன அதே அரசனின் காலம். எதிரிகள் சுற்றி வளைத்த ஒரு பட்டினம். உள்ளே இருந்த சிப்பாய்களுக்குக் கொடுக்கக் காசு இல்லாமல், வெள்ளிச் சாப்பாட்டுத் தட்டுகளைத் தொதல் இனிப்பை வெட்டுவதுபோலச் சாய்சதுரமாக வெட்டி, அரசமுடி ஒன்றை அதன்மேல் அடித்தார்கள். என் காசின் ஒரு மூலையில், தட்டுக்குப் பூசியிருந்த பொன்முலாம் ஓர் உழுந்தளவு மிஞ்சியிருந்தது. ஒருவர் சோறு தின்ற தட்டு இது என்பதற்கு அதுதான் அத்தாட்சி, மதிப்பு முழுவதும் அந்த உழுந்தில்தான் என்றான் கிழவன். ஊரிலும் அப்போது பாதைகள் அடைபட்டிருந்தன. துணி தோய்க்கிற சவர்க்காரத்துக்குக்கூட அம்மா வரிசையில் நின்ற நாட்கள். அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஊர்ச் செய்தி கேட்பேன்.

அடுத்த வருடம் அண்ணை வந்து சேர்ந்தார். என்னைவிட ஏழு வயது மூப்பு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஊரில் பாதிப்பேர் அவரைச் சேர் என்றுதான் கூப்பிடுவார்கள். சோதனைச் சாவடியில் ஆமி பிடித்து ஐந்து மாதம் முகாமில் வைத்திருந்தது. அங்கே நடந்ததை அவர் சொன்னதில்லை. கால் விரல்களில் நகம் இல்லாததை நானே பார்த்துக்கொண்டேன். அம்மா அவரைக் கொழும்பில் பிளேன் ஏற்றிவிட்டு எனக்கு ரெலிபோன் எடுத்தார். அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"உன்ரை அண்ணையிலை இனி ஒருத்தற்றை கையும் படக்கூடாது. நீதான் பொறுப்பு."

நான் சத்தியம் பண்ணினேன். அண்ணையோடு நடந்தால் றோட்டுப் பக்கம் நான் நடப்பேன். பஸ் ஸ்ரொப்பில் அவரைச் சுவரோடு நிறுத்தி முன்னால் நான் நிற்பேன். ஒருநாள் குடிவெறிகாரன் ஒருவன் தள்ளாடி வந்து அவர் தோளில் இடித்தான். அவனைக் கொலரில் பிடித்துக் கடை ஷட்டரில் மோதினேன், இரண்டு தரம். திரும்பிப் பார்த்தால் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். எனக்கு அப்போதாவது விளங்கியிருக்க வேண்டும்.

அவர் வீட்டில் சமைப்பார், கூட்டுவார், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் அந்தக் காசை எடுத்துக் காட்டினேன். நீங்கள் கணக்குப் படித்தீர்கள், என் படிப்பு இதுதான் என்று பெருமையடித்தேன். முற்றுகை, தட்டு, பொன், எல்லாம் சொன்னேன். தேய்க்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதையும் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சரஸ்வதி பூசை அன்று காலை ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வீடெல்லாம் கற்பூர வாசம். சமைக்கிற குசினியின் மேசையில் சரஸ்வதி படம், அண்ணையின் பழைய கணக்குப் புத்தகம், பளபளவென்று குத்துவிளக்கு. எங்கள் வீடுகளில் பூசைக்கு முதல்நாள் வெண்கலம் வெள்ளி எல்லாவற்றையும் பழப்புளி போட்டுத் தேய்ப்பார்கள். அழுக்கான உலோகம் எதுவும் சாமிக்கு முன்னால் போகாது. புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலை. வெற்றிலையில் சந்தனப் பொட்டோடு என் காசு. கடையில் நேற்று வாங்கிய கரண்டி போல வெள்ளை வெளேரென்று இருந்தது. மூலையைத் திருப்பிப் பார்த்தேன். உழுந்தைக் காணவில்லை.

"கறுத்துப்போய்க் கிடந்தது தம்பி. பழப்புளியோடை சிங்க் கழுவுற பவுடரும் போட்டுத் தேய்ச்சனான். உன்ரை படிப்பெல்லே, வடிவா இருக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். லண்டனுக்கு வந்தபிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

கன்னத்தில் அறைந்தேன். அது போதாமல் கையைப் பொத்திக் கண்ணுக்குக் கீழே குத்தினேன். மேசை ஆடி விளக்கு விழுந்தது. அவர் கையை ஓங்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. முழங்காலில் விழுந்து, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்து, நெற்றியை நிலத்தில் வைத்தார். எந்த உறுப்பை எங்கே வைக்கவேண்டும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"அடியாதேங்கோ சேர். நான் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறனான் சேர். எனக்கு ஒண்டும் தெரியாது சேர்."

அதற்குப் பிறகும் ஓர் அடி விழுந்தது. கை ஓங்கியாகிவிட்டது, நிறுத்த முடியவில்லை என்று சாட்டுச் சொல்லலாம். சொல்லமாட்டேன். கேட்டுவிட்டுத்தான் அடித்தேன்.

பிறகு நானும் நிலத்தில் குந்தி, அண்ணை நான் தம்பி, நான் தம்பி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். விழுந்த விளக்கின் எண்ணெய் ஊறி அவர் வேட்டி நனைந்தது. வெளியே இருட்டத் தொடங்கியபிறகுதான் தலையை நிமிர்த்தினார். நிமிர்த்தியவர் துணி எடுத்துவந்து எண்ணெயைத் துடைத்தார்.

அந்தச் சனிக்கிழமை காசைக் கிழவனிடம் கொண்டுபோனேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தான். எந்த முட்டாள் இப்படிச் செய்தது என்று கேட்டான். நான்தான் என்றேன். நம்பவில்லை போலிருந்தது. காசை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன், அதோடு அந்தச் சந்தைக்குப் போவதும் நின்றது.

மறுநாள் அம்மா கொழும்பிலிருந்து எடுத்தார். அண்ணை எப்படி இருக்கிறான் என்றார். சுகமாக இருக்கிறார் என்றேன். ஒருத்தரும் அவனிலை கை வைக்கேல்லைத்தானே என்று கேட்டார். இல்லையம்மா என்றேன். பக்கத்துக் கதிரையில் இருந்த அண்ணையிடம் ரிசீவரை நீட்டினேன். அவர் எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் அதை என்னிடமிருந்து வாங்கினார். கண்ணுக்குக் கீழே நீலம் இன்னும் வற்றவில்லை.

"ஓம் அம்மா. இஞ்சை ஒருத்தரும் அடிக்கிறேல்லை" என்றார். பேசி முடியும்வரை அவர் கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே பேசினார். நான் போய்க் கதிரையில் இருந்தபிறகுதான் அவரும் இருந்தார்.