இருபத்தைந்து மில்லி

தையல் கூடத்தில் துணி வெட்டுபவள் என்பதால் அவளுக்குக் 'கத்தரி' என்றே பேர் நிலைத்துவிட்டது. கால் ஓரிடத்தில் நிற்காது. தாய் போனபின் தங்கையை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். அந்தத் தங்கைக்கு ஏழாம் மாதமே பெண் பிறந்து, ஐந்து வாரம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து வீட்டுக்கு வந்ததும், லீவு போட்டு ஓடி வந்தாள்.

குழந்தை இரண்டு கிலோகூட இல்லை. நர்ஸ் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள்: பிழிந்த தாய்ப்பால், இரண்டு மணிக்கொரு தரம் இருபத்தைந்து மில்லி, சின்னக் கிண்ணத்தில், மெதுவாக. தூங்கினாலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். வேறெதுவும் ஆகாது.

கத்தரிக்கு மனசு ஒப்பவில்லை. பால் நீர்த்துப்போய், அரிசி கழுவின தண்ணீர் மாதிரி தெரிந்தது.

"இதைக் குடிச்சு எந்தக் காலத்துல சதை பிடிக்கப் போகுது?"

"நர்ஸ் சொன்னபடியே இருக்கட்டும்க்கா," என்றாள் தங்கை.

கத்தரி வாயை மூடிக்கொண்டாள், மனசு மூடவில்லை. குழந்தையின் விலா எலும்பைப் பார்ப்பாள், ஜன்னலுக்குப் போவாள், திரும்பி வந்து மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். கெட்டியான பால்தான் உடம்பில் ஒட்டும் என்பது அவள் நம்பிக்கை.

மூன்றாம் நாள் தங்கை குளிக்கப் போன சமயம், கடையில் வாங்கி ஒளித்து வைத்திருந்த பால்பவுடரைக் கெட்டியாகக் கரைத்து ஐம்பது மில்லி புகட்டினாள். குழந்தை சமர்த்தாகக் குடித்தது. கத்தரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாளும் கொடுத்தாள்.

அன்று மதியமே குழந்தையின் வயிறு விண்ணென்று உப்பிவிட்டது. கக்கியது பச்சையாக வந்தது. உள்ளங்காலைச் சுண்டினாலும் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, வேறு ஏதாவது கொடுத்தார்களா என்பது. தங்கை அடித்துச் சொன்னாள், தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுகூட இல்லையென்று. கத்தரி இப்போது வாயைத் திறந்தால் தங்கை போய்விடுவாள். திறக்காவிட்டால் குழந்தை போய்விடும்.

"நான் கொடுத்தேன் டாக்டர். பவுடர் பால். ரெண்டு நாளா."

தங்கை திரும்பிப் பார்த்தாள்.

பாலை நிறுத்தி ஊசி வழியே மருந்து ஏற்றினார்கள். குறைமாதக் குடலுக்குக் கெட்டிப் பாலும் கூடுதல் பாலும் தாங்காது என்றும், நீர்த்த மாதிரி தெரிந்தாலும் தாயின் பால்தான் அதற்கு ஏற்றது என்றும் நர்ஸ் விளக்கினாள். கத்தரி தலையாட்டினாள். ஆறு நாள் அந்தத் தாழ்வாரத்தில் அவள் பெஞ்சில் உட்கார்ந்ததாக யாருக்கும் நினைவில்லை. இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டே இருந்தாள். ஏழாம் நாள் வயிற்று உப்பல் வடிந்து, குழந்தை பசித்து அழுதது. தாய்ப்பால் ஐந்து மில்லியிலிருந்து மறுபடி தொடங்கினார்கள்.

இன்று அந்தப் பெண்ணுக்கு மூன்று வயது. பெரியம்மா தோளை விட்டு இறங்க மாட்டாள். தங்கையும் பழையபடி பேசுகிறாள், சிரிக்கிறாள். அந்த இரண்டு நாளைப் பற்றி மட்டும் இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை. ஒரு தடவை வாய்விட்டுத் திட்டித் தீர்த்திருந்தால் தேவலை என்றிருக்கிறது கத்தரிக்கு.