சொட்டு வடியும் நேரம்

எனக்குச் சம்பளம் தருபவை தொழிற்சாலைகள். ஆனால் நான் எழுதுவதெல்லாம் அரசாங்கம் படிப்பதற்காக. ஒவ்வொரு பட்டறைக்கும் தூய்மை உற்பத்தித் திட்டம் எழுதிக் கொடுக்கும் ஆலோசகர் நான். எவ்வளவு தண்ணீர் மிச்சமாகும், எவ்வளவு ரசாயனம் வடிகாலுக்குப் போகாமல் நிற்கும், அதற்கு எந்த இயந்திரம் வாங்க வேண்டும் என்று கட்டம் கட்டமாக எழுதுவேன். இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் ஒரு காலத்தில் எனக்கு உண்டு. அது எங்கே போய் ஒழிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

புக்கிட் மேரா வட்டாரத்தில் பழைய அடுக்குமாடித் தொழிற்கூடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் முதலாளி ஒருவரின் முலாம் பட்டறை இருந்தது. ஜாலான் புசார் இரும்புக் கடைகளுக்கான கதவுக் கீல்கள், குழாய்த் தலைகள் எல்லாம் நிக்கல் முலாம் பூச அங்கேதான் வரும். அவர் அறுபதைத் தாண்டியவர், கத்தோலிக்கர், வாரநாளிலும் காலைப் பூசையைத் தவறவிடாதவர். வேலைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த ஆறு பேர். கட்டடத்தை இடிக்கப்போவதாகக் கடிதம் வந்திருந்தது. முலாம் பட்டறைகளுக்கென்று பொதுவான கழிவுநீர்ச் சுத்திகரிப்போடு புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே இடம் வேண்டுமென்றால் தூய்மைத் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். ஒப்புதல் இல்லையென்றால் பட்டறையை மூட வேண்டியதுதான், வேறெங்கும் முலாம் வேலைக்கு இடம் கொடுக்க மாட்டார்கள். ஆறு பேரின் வேலை அனுமதியும் அதோடு போய்விடும்.

திட்டம் எழுதித்தர நான் முதல் நாள் போனபோது, கீல்கள் தொங்கும் கம்பிச் சட்டத்தை நிக்கல் தொட்டியிலிருந்து அவரே தூக்கிக்கொண்டிருந்தார். மற்ற பட்டறைகளில் தூக்கிய வேகத்தில் பக்கத்து அலசும் தொட்டியில் முக்கிவிடுவார்கள். ஒட்டியிருக்கும் நிக்கல் கரைசல் அந்தத் தண்ணீரில் கலந்து போய்விடும். இவர் சட்டத்தைத் தொட்டிக்கு மேலேயே பிடித்தபடி நின்றார். உதடுகள் அசைந்தன.

"என்ன அண்ணே, தனியாப் பேசுறீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு மாதா செபம், மேடம். அது முடியறதுக்குள்ள சொட்டு எல்லாம் தொட்டியிலேயே வடிஞ்சிடும்."

"இருபது வரைக்கும் எண்ணினாப் போதுமே?"

"எண்ணச் சொல்லிப் பார்த்துட்டேன் லா. அவசரத்துல நம்பரை முழுங்கிடுறாங்க. சாமிகிட்ட யாரும் முழுங்க மாட்டாங்க."

வேலையாட்களில் புதுக்கோட்டைக்காரர் தனக்குத் தெரிந்த முருகன் துதியை முணுமுணுத்தார். பங்களாதேஷ்காரர்கள் தங்கள் ஓதலைச் சொல்லிக்கொண்டார்கள். நான் கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தேன். யார் சாமியைக் கும்பிட்டாலும் ஏறக்குறைய இருபது விநாடி ஆனது.

அலசுவதற்கு மூன்று தொட்டிகள் வைத்திருந்தார். கடைசித் தொட்டித் தண்ணீர் நடுத்தொட்டிக்கு, அது முதல் தொட்டிக்கு; ஒரே தண்ணீர் மூன்று முறை பயன்பட்டது. குழாய் நூல் கனத்துக்குத்தான் ஓடியது. பயிலரங்குகளில் படம் போட்டு நாங்கள் விளக்கும் எல்லாவற்றையும் இந்த மனிதர் யாரும் சொல்லாமலே செய்துவைத்திருந்தார். எனக்கு அன்று உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. இவருக்கு ஒப்புதல் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஒன்று விடாமல் எழுதி அனுப்பினேன். சொட்டு வடியவிடும் முறை என்ற கட்டத்தில் மட்டும் செபத்தைப் போட முடியாமல் 'கைமுறை' என்று போட்டேன்.

திருப்பி அனுப்பிவிட்டார்கள். திட்டத்தின் மதிப்பெண் முழுவதும் மிச்சப்படுத்துவதற்குத்தான். இப்போதைய மூன்று மாத உபயோகத்தை அடிப்படை அளவாக வைத்து, புது இயந்திரம் வந்தபின் அது எவ்வளவு குறையும் என்று காட்ட வேண்டும். இவருடைய உபயோகத்தில் குறைக்க எதுவுமே மிச்சமில்லை.

நான் அதிகாரிக்குத் தொலைபேசி செய்தேன். இளம்பெண், மரியாதையாகத்தான் பேசினாள்.

"புரியுது மேடம். அவர் நல்லாத்தான் செய்றார். ஆனா ஏற்கெனவே செஞ்சதுக்கு மார்க் போட ஃபார்ம்ல கட்டமே இல்லை. இம்ப்ரூவ்மென்ட் எங்க காட்டுவீங்க?"

அவள் மேல் தப்பில்லை. அந்தப் படிவத்தை உருவாக்கியவர்கள்கூடக் கெட்டவர்கள் இல்லை. அழுக்காக இருப்பவர்களைச் சுத்தமாக்கத்தான் திட்டம் போட்டார்கள். முன்பே சுத்தமாக இருப்பவன் ஒருத்தன் வந்து நிற்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தேக்காவில் ஒரு காப்பிக்கடையில் அவரை வரச்சொன்னேன். இரண்டு கோப்பை தே தாரே வந்தது. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் எழுதிவைக்காத வழியைச் சொன்னேன்.

"அண்ணே, மூணு மாசம் குழாயைத் தாராளமாத் திறந்து விடுங்க. சட்டத்தைத் தூக்கினதும் தண்ணியில போட்டுடச் சொல்லுங்க. அடிப்படை அளவு ஏறிடும். அப்புறம் மெஷின் வந்தா மிச்சம் தானா வந்துடும்."

அவர் தேநீரைத் தொடவில்லை. "சுத்தமா இருக்கேன்னு காட்டுறதுக்கு மொதல்ல அசிங்கம் பண்ணணுமா?"

"மூணு மாசம்தான்."

"செபத்தை நிறுத்தச் சொல்றீங்க."

"சொட்டை வடியவிட வேணாம்னுதான் சொல்றேன். செபத்தைக் கோயில்ல சொல்லுங்க." இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்புகூட வந்தது. இன்று நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

 ஒரு வாரம் கழித்து அழைத்தார். "ஆறு பேரு இருக்காங்க, மேடம். புதுக்கோட்டைக்காரன் இப்பத்தான் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசி வச்சிருக்கான். நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிடுறேன்."

முதல் மாத இறுதியில் போனேன். குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. சட்டம் தூக்கப்பட்ட வேகத்தில் தண்ணீருக்குள் போனது. அலசும் தொட்டியில் நிக்கலின் பச்சை லேசாகப் படர்ந்திருந்தது. புதுக்கோட்டைக்காரருக்குப் பழக்கம் போகவில்லை, தூக்கியதும் கை ஒரு கணம் நின்றது. முதலாளி தூரத்திலிருந்தே, "போடுப்பா, போடு" என்றார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தண்ணீர் மீட்டரைப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் யோசிக்கத் தவறியது ஒன்றுதான். அவருடைய கழிவுநீர்த் தொட்டி சின்னது. அந்த நூல் கனத் தண்ணீருக்கு ஏற்றாற்போல அவரே அளந்து கட்டியது. நிக்கல் கசடு அடியில் தங்க நேரம் வேண்டும். தண்ணீர் கொட்டினால் தங்காது, அப்படியே வெளியே போய்விடும். இது முதலாண்டு மாணவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். படிவத்தைப் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்குத் தொட்டியே தெரியாமல் போயிருந்தது.

இரண்டாவது மாதம் வழக்கமான சோதனைக்கு வந்தவர்கள் வடிகாலில் ஒரு புட்டி தண்ணீர் பிடித்துப் போனார்கள். நிக்கல் அளவு வரம்பைத் தாண்டியிருந்தது. அத்தனை வருடத்தில் அவருக்கு வந்த முதல் எச்சரிக்கைக் கடிதம் அது. அப்படி ஒரு குற்றப்பதிவு இருந்தால் தூய்மைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

விசாரணைக்கு நானும் கூடப் போனேன். ஏன் திடீரென்று தண்ணீர் உபயோகம் ஏறியது என்று கேட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பவில்லை. "குழாய் வால்வு கெட்டுப்போச்சு சார், கவனிக்கல. என் தப்புதான்," என்றார். ஆலோசகர் சொல்லித்தான் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் உரிமம் போயிருக்கும். அவர் தலை தப்பியிருக்குமா, தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. பயந்துவிட்டேன், வேறு காரணம் கிடையாது. மேல்முறையீட்டுக் கடிதம் எழுதினேன், நன்றாகவே எழுதினேன். அதிலும் வால்வுதான் கெட்டுப்போயிருந்தது. அதுவும் நிராகரிக்கப்பட்டது.

கட்டடம் காலியானது. ஆறு பேரும் அடுத்தடுத்து விமானம் ஏறினார்கள். அவருக்கு ஒதுக்கப்பட வேண்டிய இடம் வேறொரு பட்டறைக்குப் போனது. அவர்களுக்கும் நான்தான் ஆலோசகர். முன்பு சட்டத்தை ஒரு விநாடிகூட நிறுத்தாதவர்கள். அதனால் இவர்கள் காட்டிய மிச்சம் பிரமாதமாக இருந்தது. தானியங்கி இயந்திரம் வந்தது, பாராட்டுச் சான்றிதழும் வந்தது. நான் கைதட்டினேன்.

போன மாதம் சிராங்கூன் சாலையில் மழைக்கு ஒரு நகைக்கடை வாசலில் ஒதுங்கினேன். பாதுகாவலர் சீருடையில் பக்கத்தில் நின்றவர் அவர். ஏதோ குடியிருப்பில் பகல் வேலையாம். "நல்லா இருக்கீங்களா, மேடம்?" என்று அவரே முதலில் கேட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வருடக்கணக்காக நினைத்துவைத்திருந்தேன். மழையைப் பற்றிப் பேசினேன்.

அவர் குடையை மடக்கி, வாசல் நனையாமல் வெளியே நீட்டிப் பிடித்திருந்தார். உதடுகள் அசைந்தன. சொட்டு நின்றபின்தான் உள்ளே எடுத்தார்.

"என் இடத்துல வந்தவங்க மெஷின் போட்டுட்டாங்களாமே," என்றார்.

"ஆமா அண்ணே."

"அது மேல தூக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கும்?"

அந்த எண்ணைப் படிவத்தில் நிரப்பியதே நான்தான். வேகமாக ஓடினால்தான் கட்டுப்படியாகும் என்று அவர்கள் கேட்டுக்கொண்ட எண்.

"எட்டு செகண்ட்," என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். கோபமில்லை, கணக்குப் பார்ப்பவரின் முகம்தான்.

"எட்டு செகண்ட்ல பாதி செபம்கூட முடியாதே, மேடம்."