சூளைக் குழாயில் பிரேக்

முதலாளி இருந்தார். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த அவர் மச்சான் இருந்தார். மெக்கானிக் இருந்தார். நான் இருந்தேன். வண்டி ஓட்டப் போகிறவன் நான் ஒருவன்தான்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை. கொலு நெருங்கிவிட்டது. வைக்கோல் திணித்த பெட்டிகள் எல்லாம் டெம்போவில் ஏறிவிட்டன. சிதம்பரத்தில் இறக்க வேண்டும். கிளம்பும்போது பார்த்தால் தரையில் ஆயில். பின்சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டை.

அதற்கென்றே வரும் ஸ்டீல் குழாய் கடலூரில்தான் கிடைக்கும். ஒரு நாள் போகும். முதலாளிக்கு என் உயிரைவிட ஒரு நாள் பெரிது.

மச்சான் டீசல் ரப்பர் டியூப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மெக்கானிக்கே சிரித்துவிட்டார்.

"மிதிச்சா பலூன் மாதிரி உப்பும் சார்."

முதலாளி உள்ளே போய்ச் செம்புக் குழாய்ச் சுருளோடு வந்தார். சூளை பர்னருக்கு டீசல் போகிற குழாய்.

"அதுல டீசல் போவுது, இதுல ஆயில் போவுது. என்னாப்பா வித்தியாசம்?"

"சூளையில டீசல் தானா எறங்குது மொதலாளி. இதுல நான் மிதிக்கணும்."

"ஒன் காலு என்னா, யானைக் காலா?" என்றார் மச்சான். இருவரும் சிரித்தார்கள்.

செம்பு தாங்காது என்று மெக்கானிக்குக்குத் தெரியும். முதலாளியின் முகத்தைப் பார்த்தார். செம்பை அறுத்தார், முனையை விரித்தார், நட்டைப் போட்டு முறுக்கினார். வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லாதவன் கையில் ஸ்பேனர் எதற்கு?

பிறகு சோதனை. சூளையில் குழாய் மாட்டினால் மூட்டில் சோப்பு நுரை தடவி, மறுமுனையில் வாய் வைத்து ஊதுவார்கள். நுரையில் குமிழி வந்தால் கசிவு. அதையே இதற்கும் செய்தார்கள். மச்சான் கன்னம் உப்ப ஊதினார்.

"பாத்தியா? ஒரு குமிழி வரல. கெளம்பு."

வாயால் ஊதின காற்றைத் தாங்கிவிட்டதாம். இனி லோடு வண்டியை நிறுத்திவிடுமாம்.

அன்று வழியில் சேத்தியாத்தோப்பில் சந்தை. ரோடு நிறைய ஆடு, மாடு, ஜனம்.

"நீங்களும் முன்சீட்டுல ஏறுங்க மொதலாளி," என்றேன்.

அவருக்குப் பட்டறையில் வேலை இருந்ததாம். மச்சானுக்கு வயிறு சரியில்லையாம்.

"அப்பன்னா நின்ன எடத்துலயே நூறு மிதி மிதிக்கிறேன். தாங்குனா போறேன். ஒடைஞ்சா கடலூர் குழாய்தான்."

"மிதி மிதி. நானே எண்ணுறேன்."

மெக்கானிக் ஆயில் ஊற்றி, குழாயில் இருந்த காற்றை எடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். நான் இன்ஜினை ஓடவிட்டு மிதித்தேன். முதலாளி பெட்டி எண்ணுகிறபோது ஒன்று என்று சொல்லமாட்டார். லாபம் என்றுதான் ஆரம்பிப்பார். இதற்கும் அப்படித்தான்.

"லாபம். ரெண்டு. மூணு."

அவர் புதிதாக வாங்கிய செல்போன் அடித்தது. பேசிக்கொண்டே விரலால் எண்ணினார். மச்சான் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி எனக்குப் பழிப்புக் காட்டினார். நான் பலம் கொண்ட மட்டும் மிதித்தேன்.

பெடல் பொசுக்கென்று தரையைத் தொட்டது. மச்சானின் வெள்ளை வேட்டி முழுக்க ஆயில்.

"செம்பு, விரிச்ச கழுத்துல விண்டுபோச்சி மொதலாளி," என்றார் மெக்கானிக், யாரோ மாட்டின குழாய் மாதிரி.

நான் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மச்சான் அந்த வேட்டியோடே கடலூர் பஸ் பிடிக்கப் போனார்.

"எத்தினி மிதி வந்துது மொதலாளி?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்.

"பதினேழு."